கேப்பு இல்லாத துப்பாக்கி

1

நம் ஊர்த் திருச்சபையின் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிவரும் மலாயாக் குறிப்புகளை வாசித்தவர்களுக்கு என்னைப்பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் இருக்கும். இங்கத்திய மழை, சீனர் கடைக் காப்பி, டுரியான் பழத்தின் நாற்றம், நாங்கள் கிறிஸ்துமசுக்கு முறுக்கு சுட்டுத் தீய்த்த கதை என்று தமாஷாக எழுதுகிற சாமுவேல் கிராணி (தோட்டத்துக் கணக்கனை இங்கே கிராணி என்பார்கள்). அந்த அபிப்பிராயத்தை இந்தத் தடவை நானே கெடுத்துக்கொள்ளப் போகிறேன். ஆசிரியர் பெரிய மனது பண்ணி ஒரு வரியும் வெட்டாமல் போடவேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் புதுக் கன்று நட்ட இடத்துக்குள் காட்டுப்பன்றி புகுந்துவிட்டது. நாலைந்து நாளில் மலைச்சரிவு முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டது. துரை ஜில்லா ஆபீசுக்கு எழுதி, தோட்டத்து ஆட்களில் ஐந்து பேருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டார். ஆபீசுக்காரர்கள் சும்மா கொடுப்பார்களா? பொறுப்பான ஒருவர் அந்த ஐந்து பேருக்கும் துப்பாக்கி கையாளக் கற்றுக்கொடுத்து, ‘இவரால் இவருக்கோ பிறருக்கோ ஆபத்து வராது’ என்று தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று பதில் வந்தது. துப்பாக்கிப் பெட்டியின் சாவி பல வருஷமாக என் இடுப்பில் இருப்பதால், பொறுப்பான ஆள் நான்தான் என்று துரை முடிவு கட்டிவிட்டார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ‘யெஸ் சார்’ என்று வந்தது. துரைமார் முன்னால் நின்றால் என் வாய்க்கு வேறு வார்த்தை தெரியாது. அந்தப் பழக்கம் ஒருமுறை என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து பேர் கொண்ட பட்டியலைத் துரை நீட்டினார். நாலாவது பெயரை இரண்டு தடவை படித்தேன். பொன்னையன், ஊர் குலசேகரம். இரண்டு வருஷத்துக்கு முன் நானே கடிதம் போட்டு வரவழைத்து, இந்தத் தோட்டத்தில் சேர்த்துவிட்ட பையன். பையன் என்ன, முப்பது வயது ஆகிவிட்டது. அவனுடைய அண்ணன் தாசையன் என்னோடு பன்றி வேட்டைக்கு வந்த இடத்தில் துப்பாக்கி வெடித்துச் செத்தவன். அன்றைக்கு நான் கொண்டுபோன துப்பாக்கிதான் வெடித்தது. இப்போது தம்பியின் கையில் துப்பாக்கி கொடுத்து, ஆபத்து வராது என்று நான் கையெழுத்துப் போடவேண்டும்.

2

இங்கே இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் என் மகள் எலிசபெத்துதான் பூர்த்தி செய்கிறாள். டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பதினாலு வயதுக்கு மூன்று பாஷை பேசுகிறாள். அதில் தமிழுக்கு மூன்றாவது இடம். மரச்சீனிக் கிழங்கு என்றால் விழிப்பாள், மலாயில் ‘உபி காயு’ என்றால்தான் புரியும். போன வருஷம் ஊருக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன். “யாருடைய ஊருக்குப்பா?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஜில்லா ஆபீஸ் அச்சடித்து அனுப்பிய பாரத்தை மேசையில் விரித்துவைத்து மளமளவென்று எழுதிக்கொண்டே போனாள். அப்பா பெயர், வயது, உத்தியோகம், எத்தனை வருஷமாகத் துப்பாக்கிப் பழக்கம். ஒரு இடத்தில்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எழுதியாச்சு. கையெழுத்து மட்டும் போடுங்கப்பா.”

ஏழாவது கேள்விக்கு எதிரே ‘நோ’ என்று எழுதியிருந்தாள்.

“இது என்ன கேட்டிருக்கான்?”

“கத்துக் கொடுக்கிறவர் கையிலே எப்பவாவது துப்பாக்கி விபத்து நடந்திருக்கான்னு கேட்டிருக்கான். நடந்திருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்? அதான் நோ போட்டேன்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஞானப்பூ அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஊர் நம்பியதைத்தான் அவளும் நம்பியிருந்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

3

நம் மலையோரத்தில் வேட்டைக்குப் போனவர்களுக்குக் கேப்புத் துப்பாக்கியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாய் வழியாக மருந்தும் ஈயமும் போட்டு இடித்து நிரப்புகிற நாட்டுத் துப்பாக்கி அது. ஒருமுறை நிரப்பிவிட்டால் சுட்டுத்தான் காலி பண்ணமுடியும். ஆனால் பின்னால் ஒரு சின்ன இரும்புக் குமிழின் மேல் தொப்பி மாதிரி கேப்பு வைத்து, குதிரை என்கிற சுத்தி அதன்மேல் விழுந்தால்தான் வெடிக்கும். கேப்பை எடுத்துவிட்டால் அது வெறும் கம்புதான்.

அதனால் நம்முடைய ஆட்களுக்கு ஒரு வழக்கம். வேட்டை முடிந்ததும் குதிரையைத் தூக்கிக் கேப்பை எடுத்து மடியில் முடிந்துகொள்வார்கள். தூக்கிய குதிரையை இறக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போதுதான் குமிழ் வெறுமையாக இருப்பது தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். “கேப்பு எடுத்தாச்சா?” என்று ஒருவன் கேட்பான், “எடுத்தாச்சு” என்று மற்றவன் சொல்வான். அதற்குப் பிறகு யாரும் யார் துப்பாக்கியையும் எடுக்கலாம். எனக்குத் தெரிந்து இந்த வழக்கத்தால் ஒரு உயிரும் போனதில்லை.

தாசையன் செத்த காலத்தில் நான் குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கிற கணக்கன். பேச்சிப்பாறை அணைக் கரைப் பக்கம் பன்றித் தொல்லை என்று சொன்னதும் துரை தம்முடைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்தார். குழலை மடக்கிப் பின்பக்கம் தோட்டா போடுகிற புது மாதிரி. அதை எப்படிக் காலி பண்ணவேண்டும் என்று இரண்டு தடவை இங்கிலீஷில் விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. “அண்டர்ஸ்டேண்ட்?” என்று கேட்டார். “யெஸ் சார்” என்றேன்.

தாசையன் அந்த வட்டாரத்திலேயே நல்ல வேட்டைக்காரன். அன்றைக்கு ஒரு பன்றி விழுந்தது. மற்றவர்கள் அதை அறுக்க ஓடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் தாசையனும் மட்டும் மேலே நின்றோம். நான் பழக்கதோஷத்தில் இரண்டு குதிரையையும் தூக்கிவிட்டுத் துப்பாக்கியை ஒரு அயினி மரத்தில் சாய்த்துவைத்தேன். உள்ளே இரண்டு தோட்டாவும் இருந்தன. என் மனசிலோ துப்பாக்கி காலி. கண்ணுக்குக் கேப்பு எதுவும் தெரியவில்லையே.

“கேப்பு எடுத்தாச்சா?” என்று தாசையன் கேட்டான்.

“இது துரைக்க தோக்குலே. இதுக்குக் கேப்பே கிடையாது” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவன் சிரித்தான்.

மழை பிடித்தது. நான் ஓடிப்போய் ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கினேன். துரையின் துப்பாக்கி நனையுமே என்று தாசையன் திரும்பிப்போய்க் குழலைப் பிடித்து எடுத்தான். பின்பக்கத்து விசை ஏதோ கொடியில் சிக்கியது. வெடுக்கென்று இழுத்தான்.

அணைக்கட்டு டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் விசாரித்தபோது, “தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன், சொல் கேளாமல் எடுத்தான்” என்று சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல. பயத்தில் வாயில் வந்தது. அவர் அப்படியே எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று நாளில் ஊர் முழுக்க அதுவே உண்மையாகிவிட்டது. அறியாத துப்பாக்கியைத் தொட்டுச் செத்தான் பாவி என்று எல்லோரும் பேசினார்கள். நான் மனைவி பிள்ளையோடு மலாயாவுக்கு அடுத்த கப்பலில் ஏறினேன்.

4

ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால், மத்தியானம் பால் நிறுத்து முடிந்தபிறகு வகுப்பு. ஈயத்தையும் மருந்தையும் எடுத்துவிட்டு மரக்கட்டை அடைத்த வெற்றுத் தோட்டாக்களை வைத்துக் கற்றுக்கொடுத்தேன். எந்தத் துப்பாக்கியையும் காலி என்று நம்பாதே. குழலை மடக்கு, உன் கண்ணால் பார், பிறகு விரலை விட்டுப் பார். அடுத்தவன் பார்த்தாலும் நீயும் பார். குழியையோ தண்ணீர்க் கானையோ வேலியையோ தாண்டுமுன் தோட்டாவை வெளியே எடு. குழலின் வாயை மனுஷன் பக்கம் திருப்பாதே. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஐந்து பேருக்கும் அலுத்துப்போயிற்று.

சேலத்துக்காரன் மாரிமுத்து துப்பாக்கியை மண்வெட்டி பிடிக்கிறமாதிரி பிடிப்பான். ஆனால் சொன்னதை மட்டும் செய்வான். புதுசாகக் கற்கிறவனிடம் அந்த நல்ல குணம் உண்டு. எனக்குப் பயம் பழகினவனிடம்தான்.

பொன்னையனிடம் முதல்நாள் துப்பாக்கியைக் கொடுத்து, “காலியா இருக்கா, பாத்துச் சொல்லு” என்றேன். அவன் குழலை மடக்கவில்லை. பெருவிரலால் இரண்டு குதிரையையும் தூக்கினான். அடியில் குனிந்து பார்த்தான்.

“காலிதான் அண்ணே. கேப்பு இல்ல.”

குழலை மடக்கி அவன் கண்முன்னால் இரண்டு தோட்டாவை எடுத்துக் காட்டினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது.

“அது மரக்கட்டைதானே அண்ணே. விளையாட்டுக்கு இம்புட்டு ஏசணுமா?”

நான் அளவுக்கு மீறித்தான் ஏசிவிட்டேன். அதற்குப் பிறகு வகுப்பில் அவன் ஒரு பிழையும் விடவில்லை. மடக்கினான், பார்த்தான், விரலை விட்டான், உரக்கச் சொன்னான். குறி பார்த்துச் சுடுவதற்கு மட்டும் நிஜத் தோட்டா கொடுத்தேன், அதில் அவனுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கமுடியாது. மரத்தில் தொங்கவிட்ட பால் தகரத்தை ஆடிக்கொண்டிருக்கும்போதே சுட்டுத் தள்ளினான். பார்த்துக்கொண்டிருந்த துரை கைதட்டிவிட்டு, சனிக்கிழமை ஐந்து காகிதமும் கையெழுத்தோடு வேண்டும், முதல் லைசென்ஸ் இவனுக்கு என்றார். நானும் வழக்கம்போல யெஸ் சார் என்றேன்.

5

சனிக்கிழமை நடையும் நிஜத் தோட்டாவோடுதான். ஒவ்வொருவனும் துப்பாக்கியோடு புதுக்கன்று நட்ட இடத்தைச் சுற்றி நடந்து வரவேண்டும். நடுவில் ஆளுயரத்துக்கு வெட்டிய தண்ணீர்க் கான் ஒன்று உண்டு. அதைத் தாண்டும்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் பரீட்சை.

பொன்னையன் முறை வந்தபோது அவன் முன்னால் போனான், மாரிமுத்து பின்னால், நான் பத்தடி தள்ளி. கான் அருகில் வந்ததும் பொன்னையன் நின்றான். அவன் முதுகு எனக்கு மறைத்தது. துப்பாக்கியைக் காலி பண்ணுகிறான் என்று நினைத்தேன். பிறகு ஒரே தாவாகத் தாவி அக்கரையில் நின்றான். பின்னால் தாவிய மாரிமுத்துவுக்குக் கரைச் சரிவில் கால் வழுக்கியது. பொன்னையன் திரும்பி, குழலைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, கட்டைப் பக்கத்தை அவனிடம் நீட்டினான்.

“பிடிச்சுக்கிட்டு ஏறுலே!”

குழலின் வாய் பொன்னையனுடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு குதிரையும் மேலே தூக்கியிருந்தன. மாரிமுத்துவின் விரல்கள் விசைக்குப் பக்கத்தில்.

கத்தினால் மாரிமுத்து திடுக்கிட்டு இழுத்துவிடுவான். ஓடினாலும் அப்படித்தான். எப்படியோ சாதாரணக் குரலில் பேசினேன்.

“மாரிமுத்து, கையை எடு.”

“விழுந்துடுவேங்க கிராணியாரே.”

“விழு. துப்பாக்கியை விட்டுட்டுத் தண்ணியில விழு.”

நல்ல காலம், அவன் சொன்னதைச் செய்கிறவன். விட்டான், சேற்றில் போய் விழுந்தான்.

“பொன்னையா, அசையாத. அப்பிடியே குழலை மேல மானத்தைப் பாத்துத் திருப்பு. மெதுவா, மக்கா, மெதுவா.”

கானைத் தாண்டி அவன் கையிலிருந்து அதை வாங்கினேன். மடக்கினேன். இரண்டு சிவப்புத் தோட்டாக்கள் என் காலடியில் விழுந்தன.

பொன்னையனுக்குக் கோபம். “என்ன அண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிய? குதிரையத் தூக்கிப் பாத்துட்டுத்தானே தாண்டினேன்.”

“பாத்து என்ன கண்டே?”

“கேப்பு...” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். கீழே கிடந்த தோட்டாவைப் பார்த்தான். “கை பழைய ஞாபகத்துல போயிட்டு. இனி போவாது. கையெழுத்துப் போடுங்க, துரை காத்திருக்காரு.”

“போடமாட்டேன்.”

“ஒரு தடவை மறந்ததுக்கா? நான் என்ன தாசையனா? அவனுக்குத் தோக்கு பிடிக்கத் தெரியாது. தொடாதேன்னு நீங்க சொன்னதையும் கேக்கல்ல, செத்தான். எனக்கு அப்பிடி வராது.”

பதினொரு வருஷத்துக்கு முன் நான் சொன்ன பொய் அது. அதை நம்பித்தான் இவன் தைரியமாக இருக்கிறான். அண்ணன் மடையன், தான் கெட்டிக்காரன், ஆகவே தனக்கு ஆபத்து இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அண்ணனைக் கொன்ற அதே பிழை தம்பியையும் கொல்லும். நான் கையெழுத்துப் போடாவிட்டால் துரை வேறு யாரையாவது போடச்சொல்வார். எனக்கு அழுகை வந்தது. மானமும் மரியாதையும் போகட்டும் என்று தோன்றியது.

“தாசையனுக்கு உன்னைவிட நல்லாத் தோக்கு பிடிக்கத் தெரியும்லே. ‘கேப்பு எடுத்தாச்சா’ன்னு அவன் கேட்டான். இதுக்குக் கேப்பே கிடையாதுன்னு நான் சொன்னேன். குதிரையத் தூக்கி வச்சதும் நான்தான். தோட்டா உள்ள கெடந்ததும் என்னாலதான். தொடாதேன்னு நான் சொல்லவே இல்ல. போலீசுக்கு எழுதிக் கொடுத்தது பொய்.”

மாரிமுத்து சேற்றில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பொன்னையன் குனிந்து இரண்டு தோட்டாவையும் எடுத்தான். துப்பாக்கி என் கையில் மடக்கியபடி இருந்தது. அவன் அதைக் கேட்டால் கொடுத்துவிடுவது என்றுதான் நின்றேன்.

“அன்னைக்கு அதுலயும் ரெண்டு இருந்துதா?”

“ரெண்டும் இருந்தது.”

“பின்ன அவன் எதுக்கு அத எடுத்தான்?”

“மழை பெய்தது. நனையாம எனக்கு எடுத்துட்டு வந்தான்.”

“நீ மனுசனாலே?” என்றான். என்னை நீ என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. தோட்டாக்களைக் கானில் வீசிவிட்டு நடந்தான்.

6

அன்றைக்கே துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலிசபெத்திடம் வேறு பாரம் எழுதச் சொன்னேன். ஏழாவது கேள்விக்கு ‘யெஸ்’ என்று போடும்போது அவள் பேனா தயங்கியது. “அந்த ஆள் என்னப்பா ஆனார்?” என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எந்த பாஷையிலும் என்னோடு அதிகம் பேசவில்லை. ஞானப்பூ மட்டும், “இத்தன வருசம் எனக்க பக்கத்துல இருந்து எப்பிடிச் சோறு உண்டிய?” என்று கேட்டாள். புதுப் பாரம் துரையின் மேசையில் கிடக்கிறது. அவர் அதை அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. பன்றி வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒன்பது நாள் பொன்னையன் என் பக்கம் வரவில்லை. காலையில் ஆள் எண்ணும்போது பெயரைக் கூப்பிட்டால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு குரல் கொடுப்பான். பத்தாவது நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை.

“அம்மைக்கு நீ எழுதணும்.”

“எழுதுறேன். இன்னைக்கே காயிதம் போடுறேன்.”

“காயிதம் வேண்டாம். அதை ரெண்டு பேரு வாசிச்சுட்டு மறைச்சு வச்சிருவாவ. நீ பத்திரிகையில எழுதுவியே, அதுல எழுது. ஆராதனை முடிஞ்சு உபதேசியாரு வாசிப்பாருல்லா, எல்லாரும் கேக்கட்டும். எங்க அம்மை கல்லறைக்குப் போனா இப்பவும் அழமாட்டா. ஏசுவா. ‘சொல்லு கேளாத பயலே, சொல்லு கேளாத பயலே’ன்னு சொல்லிச் சொல்லி ஏசிட்டு வருவா. நானும் கூட நின்னு ஏசியிருக்கேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகவே எழுதினேன். இதை வாசித்துவிட்டு சர்க்கார் என்னை என்ன செய்தாலும் சரி, சபை என்னை எப்படி நடத்தினாலும் சரி. உபதேசியார் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். தாசையனுடைய தாயாருக்கு இப்போது காது மந்தம் என்று பொன்னையன் சொல்கிறான். இந்தக் கடைசிப் பகுதியை அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சத்தமாக, இரண்டு தடவை வாசியுங்கள்.

அம்மா, உங்கள் மூத்த மகன் சொல் கேளாதவன் அல்ல. என்னிடம் கேட்டான், நான் சொன்னதைக் கேட்டுத்தான் செத்தான்.